தாளில் இல்லாத எண்

மார்ச் 4, அலெக்ஸாண்ட்ரியா

நான் மருத்துவமனைமேல் வழக்குப் போடப்போவதாகத் தேவாலயத்தில் பேசிக்கொள்கிறார்களாம். தவறு. யாருடைய வேலையும் போக வேண்டாம். என் தங்கை ஓதெத்தின் மார்பக எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர் நெவீன், பார்த்ததைப் பார்த்தபடி எழுதியிருக்க வேண்டும் என்கிறேன். அவ்வளவுதான்.

மார்ச் 6

இங்கே அந்த நோயின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நோயாளி படிக்கும் தாளில் இதமாக எழுதிவிட்டு, உண்மையை அடுத்த டாக்டரிடம் தொலைபேசியில் சொல்வார்கள். போன வருஷம் ஓதெத்தின் மகன் வஜ்தி கெஞ்சியதால் நெவீனும் அதையே செய்தார். தாளில்: "சிறு தடிப்பு, கவனித்து வரலாம்." தொலைபேசியில்: உடனே ஊசியால் சதை எடுத்துச் சோதியுங்கள். கேட்ட அறுவை மருத்துவர் அந்த மாதமே குவைத்துக்கு வேலை மாறிப் போனார். அவர் இடத்துக்கு வந்தவரிடம் தாள் மட்டும்தான் இருந்தது. ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்.

மார்ச் 7

வஜ்தி வந்தான். காப்பியைத் தொடவில்லை.

"அம்மா எல்லாத் தாளையும் படிப்பாங்க பெரியம்மா. அந்தப் பேரைப் பார்த்தா அன்னைக்கே உயிர் போயிருக்கும்."

"இப்ப மட்டும்?" என்றேன். எழுந்து போய்விட்டான்.

மார்ச் 15

ஓதெத்துக்கு ஈரல்வரை பரவிவிட்டதாம்.

மார்ச் 19

ஓதெத்துக்குக் காலுறை மாட்டிவிட்டேன். "ஸ்கூல்ல கன்னியாஸ்திரிங்க அத்தனை அடிச்சும் நான் பொய் சொல்றதை விடல. உனக்கு அது வரவே வராது. நீ சொல்லு அக்கா, எனக்கு என்ன?" என்றாள்.

சொன்னேன்.

காலுறையின் விளிம்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "போன வருஷமே சொல்லியிருந்தா பயந்திருப்பேன். பயந்துக்கிட்டே வைத்தியத்துக்கும் போயிருப்பேனே அக்கா."

 

ஏப்ரல் 28

ஓதெத் போய்விட்டாள். ஈஸ்டர் பிஸ்கட்டுக்கு வாங்கிய நெய் அப்படியே இருக்கிறது.

ஜூன் 6

நாற்பதாம் நாள் பூசைக்கு நெவீன் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் கேட்டேன்: எல்லா டாக்டர்களும் ஒரே சொற்களில் எழுதினால் என்ன? தாளின் முடிவில், நோய்ச் சந்தேகம் எவ்வளவு என்று காட்ட பூஜ்யத்திலிருந்து ஆறுவரை உலகமெல்லாம் போடும் அந்த எண்ணைப் போட்டால் என்ன?

"நாலு, அஞ்சுன்னு போட்டா வீட்டுக்காரங்க இன்டர்நெட்ல தேடிடுவாங்க மதாம்."

"தேடட்டுமே."

அழுதார். நான் கைக்குட்டை தரவில்லை.

ஜூலை 2

தங்கைக்கு வந்ததால் எனக்கும் படம் எடுத்தார்கள். இன்று நெவீன் எழுதிய தாள் வந்தது: "சிறிய மாற்றம், பயப்பட ஒன்றுமில்லை." எண் இல்லை. கொண்டுவந்த வஜ்தி என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

உடனே எழுதி அனுப்பினேன்:

டாக்டர் நெவீன், என் படத்துக்கு எந்த எண்? வஜ்தியிடம் சொன்னதை எனக்கு எழுதுங்கள். தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.