உளுந்தின் மேல் ஏறி இறங்கு

மார்ச் 6, வியாழன்

நீலாம்பாள் அக்காவின் செவலை மாட்டுக்குப் பருவம் தவறிவிட்டது.

நேற்றுக் காலையிலேயே போன் செய்தார். "டாக்டரம்மா, செவலை கத்துது. சாயங்காலத்துக்குள்ள வந்துருங்க." நான் டாக்டர் இல்லை, மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவள். எத்தனை முறை சொன்னாலும் இந்த ஐந்து ஊருக்கும் நான் டாக்டரம்மாதான். மினி பஸ் வரவில்லை. ஷேர் ஆட்டோக்காரர் குடமுருட்டிப் பாலத்தோடு இறக்கிவிட்டார். தோளில் உறைவிந்து வைத்த நைட்ரஜன் கேனோடு கொஞ்ச தூரம் நடந்தேன். இருட்டிவிட்டது, திரும்பிவிட்டேன். இன்று பத்து மணிக்குப் போய் நின்றால் மாடு சாவகாசமாக அசை போட்டுக்கொண்டிருக்கிறது. கத்தல் நின்று, பருவம் போயே போய்விட்டது. இனி மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

அக்கா கத்தவில்லை. "மாடு என்ன, பஸ் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டா இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். கத்தியிருக்கலாம்.

வரும் வழியில் பால் சங்கச் செயலாளர் சிங்காரவேலு கூப்பிட்டார். "ஏப்ரல் வரைக்கும் பாக்குறேன். வண்டி ஓட்டக் கத்துக்கிட்டு லைசென்சோட வந்தீங்கன்னா அஞ்சு ஊரும் உங்களுக்கே. இல்லன்னா பரிதிகிட்ட குடுக்குறதத் தவிர வேற வழியில்லம்மா." பரிதி பக்கத்துப் பகுதியில் இதே வேலை செய்கிற பையன். நல்லவன். அதுதான் எரிச்சல், திட்டக்கூட முடியாது.

போன மாதம் கத்தாருக்கு வேலைக்குப் போகும் வரை என் வீட்டுக்காரர்தான் என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போவார். ஐந்து வருஷம் பின்சீட்டில் கேனை மடியில் வைத்துக்கொண்டே என் வேலை ஓடிவிட்டது. ஒரு நாளாவது முன்னால் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தேனா?

பைக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. நாளைக்கே எல்எல்ஆருக்குப் போகிறேன். சைக்கிள் ஓட்டத் தெரியும். இதற்கும் இரண்டு சக்கரம்தானே.

மார்ச் 8, சனி

இரண்டு சக்கரம்தான். ஆனால் சைக்கிள் தானாகப் பாயாது.

கிளட்சை விட்டேன், பாய்ந்தது. பயந்து இன்னும் முறுக்கிவிட்டேன் போலிருக்கிறது. கொல்லை முழுக்கப் போய் எருக்குழியில் முன்சக்கரம் இறங்கி நின்றது. நான் அதற்கும் அப்பால். எரு மெத்தென்றுதான் இருந்தது, முழங்கால்தான் குழியின் விளிம்பில் இடித்துக்கொண்டது.

அத்தை வாசலில் நின்று எல்லாம் பார்த்தார். அத்தை என்றால் மாமியார், சகாயம்மாள். "மாடு கத்துனா நாலு வீட்டுக்குத்தான் தெரியும். நீ விழுந்தா ஊருக்கே தெரியும் ஜெனி" என்றார். பிறகு குளிக்க வெந்நீர் வைத்துக்கொடுத்தார்.

மார்ச் 9, ஞாயிறு

பூசையில் முழந்தாளிட முடியவில்லை. எல்லாரும் முழந்தாளில், நான் மட்டும் நட்ட கம்பாக. சாமியாரே ஒரு தடவை என்னைப் பார்த்தார்.

மார்ச் 12, புதன்

இவர் வீடியோ காலில் சொல்லித்தருகிறாராம். போனைப் பிடித்துக்கொண்டு நின்றது அத்தை. பாதி நேரம் அவருக்கு வானத்தையும் தென்னை மரத்தையும் காட்டியிருக்கிறார். "கிளட்ச மெதுவா விடு, மெதுவா" என்று தென்னை மரத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார் மனிதர்.

நாலு தடவை நின்றுபோனது. ஐந்தாவது தடவை சரிந்தது. "விட்டுரு ஜெனி. ஒரு வருஷம்தானே, நான் வந்ததும் பாத்துக்கலாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுர்ரென்று ஏறியது. ஒரு வருஷம் கழிச்சு வந்து எதைப் பாப்பீங்க? அஞ்சு ஊரும் பரிதிகிட்ட போயிருக்கும். நான் வீட்ல ஒக்காந்து எருக்குழியப் பாத்துக்கிட்டு இருப்பேன்.

இதை அவரிடம் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு மறுபடி ஏறினேன். கொல்லையை ஒரு சுற்று முழுதாகச் சுற்றி வந்தேன். பார்க்க ஒருவரும் இல்லை, அத்தை பால் கறக்கப் போய்விட்டார்.

மார்ச் 13, வியாழன்

ஸ்கூட்டி வாங்கேன் என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். ஐப்பசி மழையில் வாய்க்கால் கரைப் பாதையை அவர்கள் பார்த்ததில்லை போல. அந்தச் சேற்றில் ஸ்கூட்டியின் சின்னச் சக்கரம் புதைந்துவிடும், அடிவயிறு தரையில் தட்டும். பைக்தான். முடிவு செய்தாகிவிட்டது.

மார்ச் 19, புதன்

நெல் கொள்முதல் நிலையத்துக் களம் இப்போது காலியாகக் கிடக்கிறது. சம்பா மூட்டையெல்லாம் போய்விட்டது. விடிந்ததும் அங்கே போய்விடுகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று வரை கியர் விழுகிறது. திருப்புகிறேன். நிறுத்துகிறேன். இன்று ஒரு தடவைகூட அணையவில்லை.

கேனைப் பின்னால் கட்டினால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். நிஜக் கேனோடு விழுந்தால் உள்ளே இருக்கிற உறைவிந்து அத்தனையும் பாழ். அதனால் ஒரு சாக்கில் மணல் நிரப்பிக் கட்டிப் பார்க்கப் போகிறேன். எப்படி என் மூளை.

மார்ச் 22, சனி

என் மூளையைக் கொண்டுபோய் அந்த எருக்குழியிலேயே போட வேண்டும்.

களம் போதும், ரோட்டுக்குப் போவோம் என்று திமிர். பின்னால் மணல் மூட்டை. நீலாம்பாள் அக்கா வீட்டுப் பக்கத்தில் ரோடு முழுக்க உளுந்துச் செடி பரப்பியிருந்தார்கள். இந்த மாதம் எல்லா ரோட்டிலும் இதுதான். போகிற வண்டிகள் ஏறி ஏறி மிதித்தால்தான் உளுந்து உதிரும், ஒதுங்கிப் போனால்தான் கோபித்துக்கொள்வார்கள். பின்சீட்டில் உட்கார்ந்து ஆயிரம் தடவை அதன் மேல் போயிருக்கிறேன். முன்னால் உட்கார்ந்து போனது இன்றுதான். செடி சரசரவென்றதும் கை இரண்டும் தானாக இறுக்கிவிட்டது. வண்டி வழுக்கி அப்படியே படுத்தது. மணல் மூட்டை கிழிந்து உளுந்து முழுக்க மணல்.

உளுந்து யாருடையது? வேறு யாருடையதாக இருக்கும், நீலாம்பாள் அக்காவுடையதுதான்.

"என் மாட்டையும் கெடுத்த, இப்ப உளுந்துலயும் மண்ண அள்ளிப் போட்டியா?" என்றார். எப்போதும் வாங்க போங்க என்கிறவர். ஆனாலும் முதலில் என்னைத் தூக்கிவிட்டார், திட்டியது அதற்கப்புறம்தான். முழங்கை தோல் உரிந்துவிட்டது. வண்டிக்கு முன்சக்கர ஃபோர்க் வளைந்துவிட்டதாம். "தஞ்சாவூர்லேர்ந்து சாமான் வரணும்" என்று மெக்கானிக் மீரா உசேன் சொல்லிவிட்டார்.

என்னால முடியாதோ? முப்பத்தாறு வயசுல எதுக்கு எனக்கு இது? எழுதும்போது முழங்கை எரியுது. நிறுத்திக்கிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

பூசை முடிந்ததும் சல்லடையை எடுத்துக்கொண்டு நீலாம்பாள் அக்கா வீட்டுக்குப் போனேன். மணலைச் சலித்துக் கொடுப்பதுதான் முறை. எதிரெதிரே உட்கார்ந்து சலித்தோம். மணல் கீழே போய்விடுகிறது, சின்னச் சின்னக் கல் நின்றுவிடுகிறது. அதைக் கையால் பொறுக்க வேண்டும். முழங்கையைத் தூக்கும்போதெல்லாம் உயிர் போனது.

"மூட்டைல எதுக்கு மண்ணு?" என்று கேட்டார். சொன்னேன். பருவம் தவறியது, ஏப்ரல் கெடு, பரிதி எல்லாம் சொன்னேன்.

"என் மாட்டுக்காவா விழுந்து வாருற?"

"உங்க மாட்டுக்கும்தான் அக்கா."

ஒரு கல்லைப் பொறுக்கி வீசினார். பிறகு, "வடக்கு வயல் உளுந்து இன்னும் பறிக்கல. வண்டி சரியானதும் வா. ரோட்ல பரப்பி வைக்கிறேன், ஏறி எறங்கு. டிராக்டர்காரனக் கெஞ்சுற வேலையாச்சும் எனக்கு மிச்சமாவும்" என்றார்.

சலித்துக்கொண்டே யோசித்தேன். கை ஏன் இறுக்கியது? சைக்கிள். இருபது வருஷமாக பயம் வந்தால் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பழகிய கை. சைக்கிளில் நின்றுவிடும். இதில் இடது கையில் கிளட்ச், வலது கையில் முன்பிரேக். செடி மேல் முன்பிரேக்கைப் பிடித்தால் யாராக இருந்தாலும் விழ வேண்டியதுதான். அப்படியென்றால் முடியாதது இல்லை. கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மார்ச் 27, வியாழன்

செவலை மறுபடி கத்தியது. வண்டி இன்னும் மெக்கானிக் கடையில். பரிதி வந்து ஊசி போட்டுவிட்டுப் போனான். என் ஊரில் அவன் பைக் சத்தம். போகும்போது வாசலில் நிறுத்தி, "அக்கா, கை எப்படி இருக்கு?" என்று கேட்டான். நல்லா இருக்குப்பா என்றேன்.

அடுப்படியில் போய் அழுதேன். அத்தை பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

ஏப்ரல் 2, புதன்

வண்டி வந்துவிட்டது. உளுந்தின் மேல் போனேன். இரண்டாவது கியரில், வலது கை விரல் நாலையும் ஆக்சிலேட்டரில் சுற்றி, பிரேக் பக்கமே நீட்டாமல். வண்டி பின்னால் லேசாக ஆடுகிறது. ஆடட்டும் என்று விட்டால் தானே நேராகிவிடுகிறது. வெயில் ஏறும் வரை போய் வந்தேன். விழவில்லை.

நீலாம்பாள் அக்கா வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, "இந்தப் பக்கம் உதிரல பாரு, இப்படி ஏறு" என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். எனக்குப் பயிற்சியா அவருக்கு உளுந்தடிப்பா என்று தெரியவில்லை. போகும்போது ஒரு படி உளுந்து கொடுத்தார். கூலியாம்.

ஏப்ரல் 5, சனி

நிஜக் கேன். சைக்கிள் டியூப் போட்டு இறுக்கிக் கட்டி, உளுந்தின் மேல். ஒன்றும் ஆகவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

தஞ்சாவூரில் டெஸ்ட். ஃபெயில்.

ரோட்டில் நன்றாக ஓட்டினேன். எட்டு போடும்போது இரண்டாவது வளைவில் காலை ஊன்றிவிட்டேன். சுற்றி நின்றது அத்தனையும் காலேஜ் பையன்கள், ஒருவன் சிரித்தான். "அடுத்த தடவை வாங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர், கோபமில்லாமல். இருபத்தெட்டாம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதிலும் போனால் கெடுவும் போச்சு.

சாயங்காலம் பார்த்தால் களத்தில் சுண்ணாம்பால் பெரிய எட்டு ஒன்று போட்டிருக்கிறது. கோணல் எட்டு, ஒரு வட்டம் சின்னது, ஒரு வட்டம் பெரியது. யார் போட்டது என்று கேட்கத் தேவையில்லை, அத்தையின் சேலையெல்லாம் சுண்ணாம்பு.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. பவனி முடிந்ததும் களம். எட்டு, எட்டு, எட்டு. சின்ன வட்டத்தில் திரும்பிவிட்டால் தஞ்சாவூர் எட்டு ஒன்றுமே இல்லை.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

நிற்கவில்லை. பரிதி போட்ட ஊசியில் சினை நிற்கவில்லை. அது யார் போட்டாலும் நடப்பதுதான், அவன் மேல் குற்றமில்லை. காலையில் போன் வந்தது. "டாக்டரம்மா, செவலை மறுபடி கத்துது. பரிதிக்குச் சொல்லவா?" அவர் குரலில் நக்கல் இல்லை. நிஜமாகத்தான் கேட்டார்.

"வேணாம்க்கா, நான் வர்றேன்" என்றேன்.

காலையில் கண்டால் சாயங்காலம் போடுவதுதான் சரியான நேரம். மூன்று மணிக்கு மேகம் கட்டியது. நாலு மணிக்குக் கேனைக் கட்டினேன். அத்தை பாதம் கழுவும் பூசைக்கு வெள்ளைச் சேலை கட்டி நின்றார். பெரிய வியாழன் அதுவுமா பூசைக்கு வராமல் போகிறாளே என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். கேன் கட்டிய டியூபை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். "இறுக்கமாத்தான் இருக்கு, போ" என்றார்.

பாலம் தாண்டினதும் தூறல். எல்லாரும் ரோட்டிலிருந்து உளுந்தை வாரிக்கொண்டிருந்தார்கள், தார்ப்பாய், முறம், கூச்சல். பாதி செடி நனைந்து ரோட்டோடு ஒட்டிக் கிடந்தது. வலது கை விரல் லேசாக நீண்டது, எனக்குத் தெரிந்தது. சத்தமாகவே சொன்னேன், வேணாம். விரல் திரும்பி வந்துவிட்டது. வண்டி ஆடியது. ஆடவிட்டேன். அந்தப் பக்கம் தார் ரோடு வந்தபோதுதான் மூச்சு விட்டேன்.

நீலாம்பாள் அக்கா குடையோடு ஓடி வந்து எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார். "கூட யாரு வந்தது?"

"யாரும் வரலக்கா."

மாட்டைப் பிடித்துக்கொண்டார். ஊசி போட்டேன்.

ஏப்ரல் 28, திங்கள்

பாஸ். கால் ஊன்றவில்லை. சிங்காரவேலு சாரிடம் ரிசல்ட்டைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "அப்ப அஞ்சு ஊரும் நீங்களே பாருங்கம்மா" என்று பால் கேன் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு வரும் வரை சிரித்துக்கொண்டே வந்தேன். ஹெல்மெட்டுக்குள் யாருக்குத் தெரியப்போகிறது.

ஜூலை 19, சனி

செவலையைச் சோதித்தேன். சினைதான். நீலாம்பாள் அக்கா, "அப்ப தை மாசம் சீம்பால்" என்றார்.

நவம்பர் 22, சனி

அடைமழை. வாய்க்கால் கரையெல்லாம் சேறு. மத்தியானம் பரிதி போன் செய்தான். பாலத்தடியில் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டதாம். "அக்கா, எங்க பக்கத்துல ஒரு மாடு காலைலேர்ந்து கத்துது. பாதை மோசமாத்தான் கெடக்கு. நீங்க போக முடியுமா?"

கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஊரும் வீடும் கேட்டுக்கொண்டேன்.

கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், அத்தை ஏற்கெனவே பைக் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.