இவர் உள்ளே, நான் ஊருக்குள்

2024 மே 6, திங்கள்

இன்றும் கடற்படைத் தளத்து வாசலோடு நின்றுவிட்டேன். மூன்றாவது நாள். காலையில் இவரை ஆஸ்பத்திரி வண்டியில் உள்ளே கொண்டுபோகிறார்கள், காற்றழுத்த அறைக்குள் ஐந்து மணித்தியாலம் வைத்திருக்கிறார்கள், பிறகு திரும்ப வார்ட்டுக்கு. மனைவிமாரை உள்ளே விடமாட்டார்கள்.

சங்கு குளிக்கப் போனவர். அடியில் சிலிண்டர் காற்று முடிந்து ஒரே வீச்சில் மேலே வந்திருக்கிறார். படகில் ஏறியதும் சிரித்தாராம். கரைக்கு வருமுன் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாமல் போய்விட்டது. இரத்தத்துக்குள் காற்றுக் குமிழி என்று டொக்டர் சொன்னார். கட்டில் தலைமாட்டில் தொங்கும் அட்டையில்: கஜீபன், வயது 37, இலங்கைத்துறை.

கீர்த்தனி ஊரில் மாமியோடு. ஏழு வயது. போனில் "அப்பா எழும்பிட்டாரா?" என்பது மட்டும்தான் கேள்வி.

நான் படிப்பிக்கும் முன்பள்ளியின் வரவுக் கொப்பி கைப்பைக்குள் வந்துவிட்டது. அதன் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

மே 7

காவலுக்கு நின்றவர் தனக்குத் தெரிந்த தமிழில், "அக்கா, இங்க வெயில்ல நிக்க வேணாம். ரெண்டு மணிக்கு வாங்க" என்றார்.

எங்கே போவது? இந்த வயதுக்குள் திருகோணமலைக்கு இரண்டு தடவை வந்திருக்கிறேன். இரண்டும் அடையாள அட்டை விசயமாக. அரசாங்கக் கச்சேரி அலுவலகமும் பஸ் நிலையமும்தான் தெரியும்.

கால் போன போக்கில் நடந்தேன் என்று எழுதினேன். பிறகு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெட்டவும் இல்லை.

கோட்டை வாசலுக்குள் நுழைந்தபோது கல்லின் குளிர் முகத்தில் அடித்தது. அவ்வளவு தடிப்பான சுவர். உள்ளே மரத்தடியில் மான்கள், ஆட்களைச் சட்டை செய்யாமல் நின்றன. ஒரு ஓட்டோ அவை கடக்கும்வரை காத்துக்கொண்டு நின்றது. மேலே கோயிலடிக்குப் போய் மலை விளிம்பில் நின்று பார்த்தேன். கடல்தான். நான் பிறந்ததிலிருந்து வாசலில் கிடக்கிற கடல். ஆனால் மேலிருந்து பார்த்ததில்லை. முதலில் பச்சை, பிறகு நீலம், பிறகு பெயர் சொல்ல ஏலாத ஒரு கறுப்பு. எத்தனை பேர் இதற்காகக் கப்பலேறி வந்து அடிபட்டுச் செத்திருக்கிறார்கள் என்று படித்தது அப்போதுதான் விளங்கியது.

கால்மணித்தியாலம் இவரை நினைக்கவே இல்லை. நினைவு வந்ததும் இறங்கத் தொடங்கினேன். என்ன பொம்பிளை நான்?

மே 9

இவருடைய கால் பெருவிரலில் ஊசியால் குத்திப் பார்த்தார்கள். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "குத்திட்டீங்களா?" என்று கேட்டார்.

மே 11

நான் தங்கியிருப்பது துறைமுகப் பக்கத்து ஒழுங்கையில், பரீதா என்கிற முஸ்லிம் விதவை வீட்டு முன் அறையில். வார்ட்டுக்கு இடியப்பம் கொண்டுவருகிறவர். அக்கா என்பதற்கு எல்லாரும் ராத்தா என்கிறார்கள், நானும் அப்படித்தான். அவரிடம் மட்டும் சொன்னேன். இவர் உள்ளே கிடக்க, நான் ஊர் பார்க்கிறேன் என்று.

ராத்தா குசினியில் மா குழைத்துக்கொண்டே, "இஞ்ச இருந்து அழுதா காலு வருமா புள்ள? போய்ப் பாருங்க. வந்து சோறு திண்ணுங்க" என்றார்.

அவர் சொல்லாவிட்டாலும் போயிருப்பேன். அதுதான் உண்மை.

மே 14

இப்போது வீதிகள் பெயரோடு தெரிகின்றன. மீன் சந்தைக்குப் பின்னால் எந்த முடுக்கால் போனால் டச்சுக்குடாக் கடற்கரை வரும் என்று தெரியும். பழைய வெள்ளைக்காரரின் சேமக்காலைக்குள் போனேன். கல்லறைகளில் இருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தேன். இருபத்திரண்டு வயது. பத்தொன்பது வயது. காய்ச்சலில், கடலில். அதற்கு மேலே புல். வெளியே வந்தால் எதிரில் பெடியள் கிரிக்கெட் அடிக்கிறார்கள், பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு கேட்கிறது, கோயில் மணியும் கேட்கிறது, ஒருத்தி சிங்களத்தில் பிள்ளைக்கு ஏசுகிறாள். எல்லாம் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கிடக்கிற ஊர். ஒருவருக்கும் நான் யாரென்று தெரியாது. யாருடைய மனைவி, யாருடைய மருமகள் என்று யாரும் கேட்கவில்லை.

அதுதானா எனக்குப் பிடித்தது?

மே 17

டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். அழுத்த அறைச் சிகிச்சை இனித் தேவையில்லை, நடப்பது கடினம், படுக்கைப்புண் வராமல் பார்க்கவேண்டும், பயிற்சிக்கு ஒழுங்காக வரவேண்டும். "கடினம்" என்றால் இல்லை என்றுதான் அர்த்தமா என்று கேட்டேன். அவர் ஓம் என்று தலையை ஆட்டினார்.

உள்ளே வந்தேன். டொக்டர் என்ன சொன்னார் என்று இவர் கேட்கவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்து மணந்து பார்த்தார்.

"கடற்கரைக்குப் போனனியா?"

"ஓம். காலமை."

"தினமும் போறனியா?"

போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். கையை விட்டுவிட்டார்.

மே 18

போகவில்லை.

மே 19

போனேன்.

மே 26

ராத்தா மூலம் நஸ்ரியா டீச்சரைக் கண்டேன். இந்த ஒழுங்கை முடிவில் முன்பள்ளி நடத்துகிறார். ஒரு ஆள் தேவையாம், யூன் மாதமே வரலாம் என்றார். ராத்தாவின் பின் அறைக்குப் படி இல்லை, சக்கர நாற்காலி நேராக உள்ளே போகும். ஆஸ்பத்திரி பத்து நிமிசம். வழி முழுக்கக் கணக்குப் பார்த்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வார்ட்டுக்கு வந்தேன்.

"மூண்டு மாசம் இஞ்ச இருப்பம். பயிற்சிக்குப் போகலாம். கீர்த்தனியையும் கூட்டிவருவம்."

இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முழுக்கச் சொல்ல விட்டார். பிறகு மெதுவாக, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காமல்:

"என்ர கால் போனதால உனக்கு டவுண் கிடைச்சிருக்கு, என்ன?"

இப்படியும் ஒரு மனுசன் கதைப்பானா? மூண்டு கிழமையா மலம் அள்ளினது யார்? பிரட்டிப் போட்டது யார்? கத்தவேணும் போல இருந்தது. கத்தேல்ல. ஏனெண்டால் — ஏனெண்டால் அதில கொஞ்சம் உண்மை இருந்தது.

"நான் வீட்ட போறன்" என்றார். "நீ வந்தா வா."

யூன் 2

வீட்டுக்கு வந்துவிட்டோம்.

யூன் 19, இலங்கைத்துறை

மணலில் சக்கர நாற்காலி ஓடாது. முதல் நாளே விளங்கிவிட்டது. மாமி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தூக்குகிறோம். கட்டிலைச் சுவர்ப் பக்கம் திருப்பச் சொன்னார், கடல் தெரியக்கூடாதாம். சத்தத்தை எப்படித் திருப்புவது? கூட்டாளிகள் முதல் வாரம் வந்தார்கள், வாசலில் நின்று கதைத்தார்கள், இப்போது வருவதில்லை.

பயிற்சிக்கு ஒருமுறையும் போகவில்லை. வாகனம் கிடைத்த நாளில் இவர் மாட்டேன் என்றார். இடுப்பில் புண் வந்துவிட்டது. ஐந்துசதக் காசளவில் தொடங்கி இப்போது என் உள்ளங்கை அளவு.

துடைக்கும்போது மணம் தாங்க ஏலாமல் மனதுக்குள் நகரத்தில் நடப்பேன். பஸ் நிலையம், சந்தை, மைதானம், கோட்டை வாசல். இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். தெரியுமோ?

யூலை 8

விடிய நடுக்கமும் காய்ச்சலும். ஆள் பிதற்றத் தொடங்கிவிட்டார். அம்புலன்ஸ் வர ஒன்பது மணியாகிவிட்டது.

இதை எழுதாமல் விட்டால் வேறு எங்கேயும் சொல்லமாட்டேன். எழுதுகிறேன். கிண்ணியாப் பாலம் கடந்து, சீனக்குடா தாண்டி, வளைவில் துறைமுகம் தெரிந்தது. வெயில் விழுந்த தண்ணீர், நடுவில் ஒரு கப்பல், அந்தப் பக்கம் மலை. இவருடைய தலை என் மடியில் கொதித்துக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோசம் வந்தது. ஒரு கணம்தான். வந்தது.

யூலை 10

காலையில் தெளிந்திருந்தார். புண் வழியாக இரத்தத்தில் கிருமி போய்விட்டது என்று சொன்னார்கள். உதடு வெடித்திருந்தது. பஞ்சில் தண்ணீர் நனைத்து வைத்தேன்.

"போனனியா இண்டைக்கு?" என்று கேட்டார்.

"எங்க?"

"உன்ர ஊருக்கு."

"இல்லை. நான் ஒரு இடமும் போகேல்ல."

"போயிட்டு வா. உன்ர முகத்தைப் பாக்க ஏலாமக் கிடக்கு."

கோபமா? இரக்கமா? குரலில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். நான் போனேன். டச்சுக்குடாவில் அரை மணித்தியாலம் இருந்தேன். திரும்பி வந்தபோது நித்திரை. தாதி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

யூலை 11

காலை ஏழு நாற்பதுக்கு இவர் போய்விட்டார். நேற்று என்னைப் போகச் சொன்ன பிறகு ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

ஓகஸ்ட் 10

முப்பத்தோராம் நாள் முடிந்து ஆட்கள் போன பிறகு, மாமி பாத்திரம் கழுவிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"அவன் ஆஸ்பத்திரியில கிடக்க, நீ ஊர் சுத்தினனியாம். அவன்தான் சொன்னவன்."

"ஓம் மாமி."

இல்லை என்று சொல்வேன் என நினைத்திருப்பார். கழுவுவதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார்.

இவர் எப்போது சொன்னார்? அழுதுகொண்டு சொன்னாரா, சிரித்தா? மாமியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நவம்பர் 3

நஸ்ரியா டீச்சர் போன் எடுத்தார். இடம் இன்னும் காலியாம்.

2025 ஜனவரி 9, வியாழன், திருகோணமலை

கீர்த்தனியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வதிவிடச் சான்று வேண்டும். கிராம சேவகர் அலுவலகத்தில் இருந்தவர் என்னிலும் இளையவர், சோபனா என்று மேசையில் பெயர் இருந்தது. படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். "இடம் மாறியதற்கான காரணம்" என்ற கோட்டில் கணவரின் சிகிச்சை என்று எழுதியிருந்தேன்.

"அவர் இப்ப எந்த வார்ட்டில அக்கா?"

"இல்லை. யூலையில மோசம் போயிட்டார்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். பிறகு படிவத்தை என் பக்கம் மெல்லத் தள்ளினார். "அப்ப இதை வெட்டிப்போட்டு வேற எழுதுங்கோ. தொழில் எண்டு போடுங்கோ, காணும்."

போட்டேன். கையெழுத்து வைத்து முத்திரை குத்தினார். இரண்டும் பொய்யில்லை. எழுதவேண்டியது வேறு. அதற்கு அந்தக் கோட்டில் இடம் காணாது.

வெளியே வந்ததும் கீர்த்தனி, "அம்மா, இனி நாங்க இஞ்சதானா?" என்றாள். ஓம் என்றேன். கடல் பார்க்கவேண்டும் என்றாள். துறைமுகப் பக்கம் கூட்டிப்போனேன். கல்லுக்குக் கல் தாவி ஓடினாள், சிரித்தாள். நான் வீதியோரமாகவே நின்றேன். மழை விட்ட நேரம், தண்ணீர் ஈயநிறத்தில் கிடந்தது. அழகாகத்தான் இருந்தது.

கனநேரம் நிற்கவில்லை. கடை பூட்டுமுன் அவளுக்குச் சீருடைத் துணி எடுக்கவேண்டியிருந்தது.