முதலில் வந்தவளின் பால்

மெஷின் கழுவும் மருந்தின் நெடி விரல்களை விட்டுப் போகவில்லை. இன்றைக்கு மூன்றாவது முறையாகக் கழுவிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒருமுறை போதும் என்று எனக்கும் தெரியும், கைதான் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

நம் சொசைட்டிக்குப் பால் பரிசோதிக்கும் மெஷின் வந்ததும் அதை என் பொறுப்பில் விட்டார்கள். சாயங்காலம் மருந்து போட்டுக் கழுவியது போதாதென்று, காலையில் திறந்ததும் வெந்நீரை இழுக்கவிட்டு உள்குழாயை இன்னொரு முறை கழுவுவேன். "பெத்த புள்ளயக்கூட நீ இப்டிக் குளிப்பாட்டியிருக்க மாட்ட" என்பாய். கேலி செய்ய உனக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். ஒரகடத்துக் கம்பெனி கேன்டீனில் வேலை, சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதனால் தினமும் உன் பால் கேன்தான் முதலில் வரும்.

ஒரு வாரம் கூட இருந்து பழக்கிய மெஷின்காரர் போனார். அதிலிருந்து உன் பாலில் மட்டும் தண்ணீர் என்று காட்டியது. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள், உனக்குப் பின்னால் அத்தனை பேர் நிற்கும்போது வாயை விட்டேன். "இன்னாடி, நீயே தண்ணி கலக்குற?"

நீ கத்தவில்லை. "மெஷின் சொன்னா நீயும் சொல்லுவியா? எம் மாட்ட உனக்குத் தெரியாது?" என்று கேட்டுவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு போனாய். மறுநாளிலிருந்து உன் பால் டீக்கடைக்குப் போனது.

உனக்கு அடுத்து நின்றவர் இப்போது முதல் ஆள். அவர் பாலிலும் தண்ணீர்! அப்போதுதான் எனக்கு உறைத்தது. கழுவிய தண்ணீர் கொஞ்சம் குழாயிலேயே தங்கும், முதலில் கொஞ்சம் பாலை இழுக்கவிட்டு அதைக் கீழே கொட்டிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். மெஷின்காரர் சொல்லித்தான் இருந்தார். கழுவுகிற மும்முரத்தில் நான் அதை மறந்தேன். உன் பாலில் தண்ணீர் கலந்தவள் நான்தான்.

அன்றே ஓடி வந்திருக்க வேண்டும். இரண்டு தெரு தாண்டினால் உன் வீடு. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவு, அப்போது சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். ஒருநாள் உன் தெருமுனை வரை வந்தேன். உன் மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது, திரும்பிவிட்டேன். அந்தச் சனிக்கிழமை உனக்குக் காய்ச்சல் என்றார்கள். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள்.

உன் காரியம் முடிந்து, உன் வீட்டுக்காரர் இன்று காலை மறுபடி நம் சொசைட்டிக்கே பால் கொண்டுவந்தார். எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன்: "அவ பால்ல தண்ணி இல்ல. மெஷின்ல நான் வுட்ட தண்ணி அது."

உன் வீட்டுக்காரர் சொன்னார்: "அடுத்த ஆளுக்கும் தண்ணி காட்டுச்சுன்னு கேட்ட அன்னிக்கே அவளுக்குப் புரிஞ்சிடுச்சும்மா. நீயே வூட்டுக்கு வந்து சொல்லுவன்னு வாசலப் பாத்துக்கினு இருந்தா."

நீ கோபத்தோடு போயிருந்தால் தாங்கியிருப்பேன். காத்திருந்தாயாமே, அதை நான் எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது?