நான் மூடிய கண்மாய்

உன் கருமாதிகூட முடியவில்லை. நீ செத்த கண்மாயில் மீன் பிடித்துவிட்டார்கள். அது தவறு. எத்தனை பேர் சிரித்தாலும் தவறுதான். இன்று தெரு முழுக்க மீன்குழம்பு வாசம். சன்னல்களைச் சாத்திவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

நியூசிலாந்தில் இருபது வருடம் ஓட்டலில் சமைத்துவிட்டு ஊர் திரும்பியவன் நீ. வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டு மாவோரிக்காரர் கதைதான். அந்த மண்ணின் பூர்வகுடிகள் அவர்கள். அணை தடுத்த விலாங்குகளைப் பிடித்து, அணைக்குக் கீழே கொண்டுபோய் ஆற்றில் விடுவார்களாம். கடலுக்குப் போனால்தான் அவை முட்டையிடுமாம்.

"ஒரு ஆளு தண்ணில போயிட்டா அந்தத் தண்ணியவே மூடிருவாங்கடா. மீனு, சிப்பி எதையும் தொட மாட்டாங்க. அதத்தான் 'ராஹுயி'ம்பாங்க."

"பூட்டுப் போடுவாங்களாக்கும்?" என்றேன்.

"வாயால சொன்னாப் போதும். ஒன்னைய மாதிரி வீம்பு புடிச்சவனும் கேப்பான்."

நம்பாமல் கீரனூர் நூலகத்துக்குப் பஸ் ஏறினேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் தேடிப் படிக்கத் தெரியும் எனக்கு. நீ சொன்னது மெய். உன்னிடம் அதை நான் ஒத்துக்கொள்ளவே இல்லை.

நீ செத்த அன்று காலை, கண்மாயில் கிடந்த கிழிந்த நைலான் வலையில் ஒரு நீர்க்காகம் சிக்கித் துடித்தது.

"விடுடா, பறவைதான" என்றேன் கரையிலிருந்து.

"ஒனக்குப் பறவைதான்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினாய். வலையை அறுத்தாய், அது பறந்தது. அடுத்து நீ கால் வைத்த இடம் மண் அள்ளிய பள்ளம். நீச்சல் தெரியாத நான் கத்திக்கொண்டே நின்றேன்.

மீன்பிடித் திருவிழாவைத் தள்ளிவைக்கும்படி ஊர்க்கூட்டத்தில் கேட்டேன்.

"தேதி சொல்லியாச்சுங்க. ஒங்க கூட்டாளிக்காக ஊரு பட்டினி கெடக்கணுமா?" என்றார் தலைவர்.

"ஒரு நாளு மீன் திங்கலைன்னா பட்டினியாய்யா?"

சிரித்தார்கள். விடிந்ததும் கூடையும் வலையுமாக இறங்கினார்கள். உன் தம்பியும் இறங்கினான்.

பள்ளத்தை மண் அள்ளியவர்களே மூட வேண்டும். கிழிந்த வலைகளைப் போட்டவர்களே பொறுக்க வேண்டும். ஒரு வருடம் ஊர் அந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது. கேட்க மாட்டார்கள், தெரியும். நான் செய்ய வேண்டியது ஒன்று: அந்தக் கண்மாய் மீன் என் வீட்டுச் சட்டியில் ஏறக் கூடாது.

மூடிய தண்ணீரைத் திறக்க மாவோரிகள் ஒரு விடியலில் கூடி ஓதுவார்கள் என்றாய். அந்த வார்த்தைகளை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.