ஏழாம் பக்கத்தில் என் சுவர்

மார்ச் 3, திங்கள்

மழை என்று சொல்ல முடியாது. வானத்துக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது. கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனில் குடையை விட்டுவிட்டு வந்தேன். மாதம் பிறந்து மூன்று நாள், தொலைத்த குடை இரண்டு.

செய்ய வேண்டியவை:
சார்ட்டர் ரிப்போர்ட் – ஐயாயிரம் சொல். இதுவரை எழுதியது: என் பெயர்.
பொய்லர்காரனுக்கு போன்.
கொலஸ்ட்ரோல் குளிசை.

காலையில் தேவி கூப்பிட்டாள். மலேசியத் தமிழ்ப்பிள்ளை, என்னைவிடப் பத்து வயது இளையவள், என் மேலதிகாரி. மூன்றையும் ஒரே வரியில் எழுதிவிட்டேன், இனி வலிக்காது. நிர்வாகத்தின் முடிவாம்: அடுத்த மாதத்திலிருந்து வடிவமைப்புகளில் சார்ட்டர், அதாவது எஞ்சினியர் சங்கத்தின் அங்கீகாரம், எடுத்த எஞ்சினியர் மட்டும்தான் கையெழுத்து வைக்கலாம். குழுத் தலைவர் வேலையும் அவர்களில் ஒருவருக்குத்தான். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் 14, வெள்ளி.

"அண்ணே, எத்தனை வருஷமா அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு சொல்றீங்க? இந்தத் தடவையும் போடலன்னா வெளியிலிருந்து ஆள் எடுத்து உங்க தலைமேல உட்கார வச்சிடுவாங்க லா."

பின்னேரம் பொய்லர்காரன் வந்தான். அவன் வான் வண்டியில் கொட்டை எழுத்தில் 'எஞ்சினியர்'. இங்கிலாந்தில் அந்தச் சொல்லை யாரும் ஒட்டிக்கொள்ளலாம். முன்னால் 'சார்ட்டர்ட்' என்று போட்டால்தான் கேள்வி வரும். கல்யாண வீடுகளில் "எஞ்சினியர் அண்ணை வந்திட்டார்" என்று கதிரை இழுத்துப் போடுகிறார்கள். ஐம்பத்திரண்டு வயதில் சட்டப்படி நானும் பொய்லர்காரனும் ஒன்று. அவனுக்கு வானாவது இருக்கிறது.

மார்ச் 5, புதன்

குளிர். வெயில் வந்து முகம் காட்டிவிட்டுப் போனது.

ரிப்போர்ட்டில் 'நானே பொறுப்பெடுத்துச் செய்த வேலை' ஒன்று வேண்டும். யோசித்தேன். இருபத்தைந்து வருடத்தில் உதவினேன், சரிபார்த்தேன், கூட்டத்தில் பிஸ்கட் சாப்பிட்டேன். நானே முழுக்கச் செய்தது ஒன்றுதான். க்ரொய்டன் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்னால் சரிவு மண்ணைத் தாங்கி நிற்கும் கொங்கிரீட் சுவர். என் முதல் வேலையில், நடா அண்ணையின் கீழ் இருந்தபோது செய்தது.

நடா அண்ணை (இனி ந.அ.) கம்பஸில் எனக்கு ஆறு வருடம் மூப்பு. லண்டன் வந்த புதிதில் வேலை எடுத்துத் தந்தவர். என் பட்டத்தை இங்கே ஏற்கும் கடிதம் வரப் பிந்தியதால் எஞ்சினியராக அல்ல, படம் கீறுபவனாகத்தான் சேர்ந்தேன். பழைய வேலைகளுக்கு அக்கால மேலதிகாரியின் பெயரைக் கொடுக்க வேண்டும், அவரிடம் விசாரிப்பார்கள். போன் எடுத்தேன்.

"அண்ணை, அந்தப் பள்ளிக்கூடச் சுவரைத்தான் எழுதப்போறன்."

இருமல். நீண்ட இருமல். "உது பழசெல்லே, குகன். பழசுகளை அவை விரும்பமாட்டினம்."

"நானே செய்தது அது ஒண்டுதானே, அண்ணை."

"வடிகால் வேலையளை எழுதும். வடிகாலுக்கு இப்ப நல்ல மவுசு."

"சரி, உங்கட ரிப்போர்ட்டையாவது ஒருக்காத் தாங்கோவன், மாதிரிக்கு."

"அது எங்க கிடக்கோ தெரியேல்லயப்பா."

எங்கள் ஆட்களில் ஒருவர் சார்ட்டர் எடுத்தால் அவர் ரிப்போர்ட் கை மாறி கை மாறி ஹவுன்ஸ்லோ வரை போய்விடும். கம்பஸில் பழைய வினாத்தாள் சுற்றிய அதே பழக்கம். ந.அ.வின் ரிப்போர்ட்டை மட்டும் எவரும் கண்டதில்லை. அடக்கம் என்று நினைத்திருந்தேன். பலரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

மார்ச் 8, சனி

வெஸ்ட் ஈலிங் கோயில். சனம். கேள்விப்பட்டவை: ஒரு டொக்டர் வீட்டில் மூன்றாவது கார், ஒரு கணக்காளர் வீட்டில் இரண்டாவது மனைவி. சரிபார்க்கவில்லை, எழுதி வைக்கிறேன்.

ந.அ.வின் மனைவி மலர் அக்கா ஒரு பையை என் கையில் திணித்தார். மேலே வடை, கீழே ஃபைல்.

"லொஃப்ட் துப்புரவாக்கேக்க எடுத்தனான், தம்பி. இவரிட்டக் கேட்டா பிறகு பாப்பம் பிறகு பாப்பமெண்டுவார். உங்களுக்கெல்லோ வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

ந.அ.வின் ரிப்போர்ட்! மலர் அக்கா தங்கமான மனுசி. வடை ரயிலிலேயே முடிந்தது. மனைவி வசந்திக்குச் சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மழையா வெயிலா, பார்க்கவில்லை.

காலை பத்து மணிக்கு வாசிக்கத் தொடங்கினேன். என்ன ஒரு எழுத்து! ஏழாம் பக்கம் ஒரு சுவர். மண்ணின் தன்மையை இந்த மனுசன் எவ்வளவு அழகாகப் பிடித்திருக்கிறார் என்று தலையாட்டினேன். அடித்தளத்தை ஏன் அகலமாக்கினார் என்ற இடத்தில் "சபாஷ்" என்று வாய்விட்டே சொன்னேன். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த வசந்தி எட்டிப் பார்த்தாள்.

பக்கத்தைப் புரட்டினேன். கையால் கீறிய படம். எண்களில் ஏழுக்கு நடுவே கோடு. அந்த ஒஃபிஸில் ஏழுக்குக் கோடு போடுகிறவன் ஒருவன்தான் இருந்தான்.

என்னையே பார்த்துச் சபாஷ் சொல்லியிருக்கிறேன்.

மேலே வாசித்தேன். 'இச்சுவரின் வடிவமைப்பு முழுவதும் என் பொறுப்பில், என் கணிப்பில்.' மூன்றாவது துண்டில் சுவர் ஏன் வளைகிறது? பார்வைக்கு அழகாக இருக்கவாம். அழகு! அங்கே மண்ணுக்குள் பழைய செங்கல் வடிகால் ஒன்று ஓடியது. பரிசோதனைக் குழிக்குள் இறங்கிக் கண்டவன் நான். என் வலது கால் சப்பாத்து இன்றைக்கும் அந்தச் சேற்றில்தான் இருக்கும்.

வசந்தி பின்னிணைப்பைப் புரட்டினாள். மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். சீட்டில் யார் பெயர் என்றுதான் முதலில் பார்ப்பாள்.

"கணக்குத் தாளெல்லாத்திலயும் 'செய்தவர்' எண்ட பெட்டிக்குள்ள நடா அண்ணையின்ர பேரெல்லோ கிடக்கு?"

"ஓம்."

"எழுத்து உங்கட எழுத்து."

"ஓம்."

"விசரே உங்களுக்கு?"

இதை இங்கே தவிர வேறெங்கும் எழுத முடியாது. நாற்பத்தொரு தாளிலும் அவர் பெயரை நானே எழுதினேன். "படம் கீறுறவன்ர கணக்கெண்டு திருப்பி அனுப்புவினம். இப்போதைக்கு என்ரய போடும், பிறகு மாத்துவம்" என்றார். பிறகு அவரும் மாற்றவில்லை, நானும் கேட்கவில்லை. அண்ணையிடம் எப்படிக் கேட்பது? அவர் கையெழுத்துப் போலவே வரவேண்டும் என்று பழைய பேப்பரில் எழுதிப் பழகியும் பார்த்தேன், வரவில்லை. வீட்டைத் திறந்து விட்டதோடு நில்லாமல் கள்ளனுக்கு டோர்ச்சும் பிடித்திருக்கிறேன்.

மத்தியானம் சாப்பிடவில்லை. ஆட்டிறைச்சிக் கறி. இதையும் பதிந்து வைக்க வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

காற்று. அரை நாள் லீவு. ஈலிங்கில் ஒரு கோப்பிக் கடை. ஃபைலை மேசையில் வைத்தேன். ந.அ. அதைத் தொடவில்லை.

"மலர் தந்தவளோ?"

"அவவுக்கு ஒண்டும் தெரியாது, அண்ணை."

"அப்ப எல்லாரும் அப்பிடித்தானப்பா செய்தவை. நீர் அந்தக் காலம் விண்ணப்பிக்க ஏலாது. சும்மா கிடந்த வேலை."

சும்மா கிடந்ததாம்! மழைக்குள் ஊறிய இரண்டு மாதம்.

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீர்?"

அங்கேதான் மாட்டினேன். "எடுங்கோ அண்ணை" என்றுதான் சொல்லியிருப்பேன். அது அவருக்கும் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

"குகன், நீர் அந்தச் சுவரை எழுதினா என்ர சார்ட்டரைப் பறிப்பினம். இன்னும் ரெண்டு வருசத்தில ரிடையர் ஆகிறன். வடிகாலை எழுதும். நான் வடிவா எழுதித் தாறன்."

"நீங்கள் எழுதுவியள், அண்ணை. அதைத்தான் வாசிச்சனானே."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பழக்கதோஷம். கோப்பி அவர் வாங்கியது, குடிக்க முடியவில்லை. கேக்கைச் சாப்பிட்டேன்.

ரயிலில் ஒன்று உறைத்தது. இந்த இருபது வருடத்தில் நான் விண்ணப்பிக்க நினைத்த ஒவ்வொரு தடவையும் "அவசரப்படாதேயும்" என்று சொன்ன ஆள் இவர்தான். அக்கறை என்று எடுத்துக்கொண்டேன். சுவர் போனதைவிட இதுதான் சுடுகிறது.

மார்ச் 13, வியாழன்

வெயில். ஒருவரும் நம்பவில்லை, எல்லோரிடமும் கோட்.

தேவியிடம் எல்லாம் சொன்னேன், ந.அ.வின் பெயரைத் தவிர. அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"எழுதுங்க அண்ணே. ஆனா பாதி உண்மை வேணாம். பெட்டியில அவர் பேரை எழுதினது நீங்கதான்னும் போடணும்."

"போட்டா?"

"உங்களையும் கேப்பாங்க. தள்ளிப் போடலாம், வேணாம்னும் சொல்லலாம். குழுத் தலைவர் வேலைய மறந்திடுங்க லா."

"போடாட்டி?"

"வடிகாலை வச்சு அனுப்புங்க. பாஸ் ஆனாலும் ஆகலாம். அப்புறம் நீங்க கையெழுத்து வைக்கிற ஒவ்வொரு தாளையும் நான் ரெண்டு தடவை பார்ப்பேன்."

வீட்டில் இதைச் சொன்னேன். வசந்தி: "அந்தப் பிள்ளை உங்கட மேலதிகாரியா இருக்கிறது சரிதான்."

மார்ச் 14, வெள்ளி

தூறல். லீவு போட்டேன்.

வடிகால் பதிப்பு ஒன்று, சுவர் பதிப்பு ஒன்று. வடிகால் பதிப்பில் பிழையே இல்லை. உயிரும் இல்லை. சுவர் பதிப்பில் வளைவின் உண்மைக் காரணத்தை எழுதினேன். சப்பாத்தை விட்டுவிட்டேன், பின்னர் சேர்த்தேன். கடைசிப் பந்தி: 'கணக்குத் தாள்களில் உள்ள பெயர் என்னுடையதல்ல. அதை எழுதியது என் கை. அது தவறு என்று அன்றும் அறிவேன்.' இந்த மூன்று வரிக்கு இரண்டு மணித்தியாலம்.

உறுதிப்படுத்தக்கூடியவர் என்ற இடத்தில் ந.அ.வின் முழுப் பெயர். வேறு ஆள் இல்லை.

3.40. சுவரை அனுப்பினேன். பிஸ்கட் மூன்று.

5.15. அவரிடமிருந்து செய்தி. 'எதை அனுப்பினீர்?'

'சுவர்' என்று அடித்தேன். பக்கத்தில் 'அண்ணை' போடுவதா என்று கொஞ்ச நேரம் போனைப் பிடித்தபடி இருந்தேன். போட்டேன். அனுப்பினேன்.