பதினேழில் நிற்கும் தெர்மோஸ்டாட்

ஸ்கிப்டன்,
ஜனவரி 8

டங்கனுக்கு,

நலம்தானே? போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது, அதனால் கடிதம் எழுதிக்கொள்வோம் என்று வீட்டை விட்டுப் போன அன்று சொன்னாய். நல்ல யோசனைதான். ஆனால் அக்டோபரிலிருந்து உன்னிடமிருந்து வந்தது ஒரே ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை. அதிலும் உன் அண்ணனின் கையெழுத்து.

கூடத்திலிருந்த தெர்மோஸ்டாட்டின் திரை செத்துவிட்டது, எண்ணே தெரியவில்லை. பாய்லர் மெக்கானிக் கிளைவைக் கூப்பிட்டுப் புதிதாக ஒன்று வைத்தாயிற்று. இதற்கும் கம்பி கிடையாது. பாய்லருக்குப் பக்கத்திலிருக்கும் அந்த வெள்ளைப் பெட்டியோடு அதுவே பேசி, வீடு குளிர்ந்தால் சூடு கேட்கும். இருபது டிகிரியில் வைத்திருக்கிறேன். "ஸ்வெட்டரைப் போட்டுக்கோ" என்று சொல்ல இப்போது யாருமில்லை.

உன் தூண்டில், கிளாரினெட், கம்பளித் தொப்பிகள் எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு கேரேஜில் வைத்திருக்கிறேன். பழைய தெர்மோஸ்டாட்டும் அதில்தான் இருக்கிறது. இத்தனை வருஷமும் உன் பேச்சை மட்டுமே கேட்டது. உன்னோடே இருக்கட்டும்.

ரொவீனா

விட்பி,
ஜனவரி 12

அன்புள்ள ரொவீனா,

வாழ்த்து அட்டை விஷயத்தில் என் மேல்தான் தப்பு. நான் எழுதி எழுதிக் கிழித்துப் போட்டதைப் பார்த்து அண்ணனே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டான். இங்கே அவன் வீட்டில் காலையிலும் புகையிட்ட மீன், இரவிலும் புகையிட்ட மீன். என் கோட்டே மீன் வாசனை அடிக்கிறது.

துறைமுகத்துக்கு மேலே ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறேன். சின்னது, ஆனால் சுத்தமாக இருக்கிறது. இம்மாதக் கடைசிக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அப்புறம் இங்கேதான். உனக்கு ஏதாவது சொல்ல இருந்தால் சொல். இல்லையென்றால் ஒரு நாள் வந்து பெட்டியை எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
டங்கன்

ஸ்கிப்டன்,
ஜனவரி 16

டங்கனுக்கு,

ஃபிளாட் பற்றி நான் என்ன சொல்ல? ஜன்னல் கடலைப் பார்த்திருந்தால் காற்று நுழையும். பார்த்துக்கொள்.

இங்கே பாய்லருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. வெளியே பனி, வீட்டுக்குள் இருபத்தாறு டிகிரி. புதிய தெர்மோஸ்டாட்டை எவ்வளவு குறைத்தாலும் வெள்ளைப் பெட்டியின் விளக்கு அணைந்து, மறுபடி எரிகிறது, பாய்லரும் ஓடுகிறது. ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, கையில்லாத சட்டையோடு விடைத்தாள் திருத்துகிறேன். பக்கத்து வீட்டு மோரீன் தெருவிலிருந்தே கத்துகிறாள்: "என்னடி ரொவீனா, ஊருக்கே சூடு போடுறியா? நில்லு, நானும் என் துணியக் கொண்டாந்து காயப்போடுறேன்!"

கிளைவ் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டான். "பாய்லர்ல ஒரு கோளாறும் இல்லக்கா. யாரோ சூடு கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதுவும் குடுத்துக்கிட்டே இருக்கு" என்கிறான்.

"யாருப்பா கேக்குறது? வீட்ல நான் ஒருத்திதானே இருக்கேன்."

"அப்போ பேயாத்தான் இருக்கும்" என்று சொல்லி, தேநீரைக் குடித்துவிட்டு, பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். பேயை நான் நம்புவதில்லை. கிளைவையும் இனி நம்புவதாக இல்லை.

ரொவீனா

விட்பி,
ஜனவரி 19

அன்புள்ள ரொவீனா,

பேய் இல்லை. நான்தான்.

பழைய தெர்மோஸ்டாட்டுக்குத் திரை மட்டும்தான் செத்திருக்கிறது. உள்ளே புது பேட்டரி. நான் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் மாற்றினேன், குளிர்காலத்தில் நீ தனியாக இருக்கும்போது நின்றுவிடக் கூடாதே என்று. அது இன்னமும் நான் வைத்த பதினேழில்தான் நிற்கிறது. கேரேஜோ பனிக்கட்டி. வீடு முழுக்க அப்படித்தான் இருக்கிறது என்று நினைத்து, அது இரவும் பகலும் சூடு கேட்கிறது. புதியதைச் சேர்த்த கிளைவ், வெள்ளைப் பெட்டியிலிருந்து பழையதை நீக்க மறந்திருக்கிறான்.

பேட்டரியைக் கழற்றிவிடு, சரியாகிவிடும். இருபத்தாறு டிகிரிக்கு நான் காரணம் என்று மோரீனிடம் மட்டும் சொல்லிவிடாதே. இங்கே அண்ணன் சிரித்த சிரிப்பே போதும். "பதினேழுக்கு மேல போனா பாவம்னு சொன்ன ஆளாச்சே நீ!" என்று கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறான்.

ஃபிளாட்கார அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
டங்கன்

ஸ்கிப்டன்,
ஜனவரி 21

அன்புள்ள டங்கன்,

உன் கடிதம் வந்ததும் கேரேஜுக்குப் போனேன். உன் தொப்பிகளுக்கு நடுவே கிடந்தது. தொட்டால் கை விறைக்கும் குளிர். பேட்டரி மூடியில் நகத்தை வைத்தேன். அப்புறம் என்ன தோன்றியதோ, மூடியைத் திறக்காமல் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன். கிளாரினெட் இத்தனை கனமா?

கூடத்து மேசையில் வைத்த கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பெட்டியின் விளக்கு அணைந்தது. அப்புறம் எரியவில்லை. ஜன்னல்களைச் சாத்தும்போது மோரீன் பார்த்துவிட்டாள். "என்ன, கோளாறு போயிடுச்சா?" என்றாள். "இல்ல, உள்ள கொண்டாந்து வெச்சிருக்கேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை.

புதியதைப் பத்தொன்பதுக்குக் குறைத்திருக்கிறேன். அதற்குக் கீழே இறங்கமாட்டேன். மிச்சத்தை நீதான் ஏறி வரவேண்டும்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மாவிடம் ஃபிளாட் வேண்டாம் என்று சொல்லிவிடு. கோட்டைத் துவைத்துவிட்டு வா. உன் பச்சை ஸ்வெட்டரையும் மறக்காமல் எடுத்து வா. பத்தொன்பதில் எனக்குக் குளிரும்.

அன்புடன்,
ரொவீனா