மிதித்துப் பிடித்திருந்தாய்

இன்று காலை காரைக் கழுவும்போது இடதுபக்கப் பின்சக்கரத்துக்கு மேலே விரல் தட்டுப்பட்டது. ஒரு பொட்டளவு இடத்தில் பெயிண்ட் இல்லை. பிரேக் ஆயில் சிந்தி உரிந்த இடம். "உடனே தண்ணி ஊத்துடி" என்றாய், அம்மா. ஊற்றினேன். கொஞ்சம் தாமதமாக.

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆயிலை மறுபடி மாற்ற வேண்டும்.

அது பங்குனி. ஞாயிறு ஆராதனை முடிந்து வேதக்கோயிலிலிருந்து வந்த நீ சேலையைக்கூட மாற்றியிருக்கவில்லை. காலால் மிதித்து வாசிக்கும் அந்தக் கோயில் ஆர்மோனியம் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து உன்னுடையது. கீமோ மருந்து ஏற்றத் தொடங்கியபின் உன் விரல் நுனிகள் மரத்துப்போயின. அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்தார். நீ பின்வரிசைக்குப் போனாய். ஞானப்பாட்டு தொடங்கினால் மட்டும் சேலைக்குக் கீழே உன் பாதம் அசையும். பார்த்திருக்கிறேன்.

புதன்கிழமைதோறும் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. போகும்போது பேசுவாய். கீழ்வேளூருக்குத் திரும்பும்போது மடியில் பிளாஸ்டிக் பை. பஸ்ஸிலோ வாடகைக் காரிலோ அந்நியர் முன்னால் வாந்தியெடுக்க உனக்குச் சம்மதமில்லை. ஆகவே நம் கார். ஆகவே நான். வண்டி என் பொறுப்பு என்ற பெருமையில்தான், கைபேசியில் ஒரு வீடியோவைப் பார்த்து, வீட்டிலேயே பிரேக் ஆயிலை மாற்ற உட்கார்ந்தேன்.

தப்பு நடந்தது. கீழே குழாயில் வழியும் ஆயிலையே பார்த்திருந்தவள், மேலே பானட்டுக்குள் இருக்கும் ஆயில் டப்பாவை மறந்துபோனேன். அது வற்றிக் காற்றை உறிஞ்சிக்கொண்டது. பிரேக் பஞ்சு மாதிரி அமுங்கியது. ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தேன்.

"ஏ.பி.எஸ். வண்டியா? பெட்டிக்குள்ள ஏர் போயிருக்கும்மா. கம்ப்யூட்டர் மாட்டித்தான் எடுக்கணும். வியாழக்கிழமை கொண்டாங்க."

நீ வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

"அப்ப இந்த புதன்கிழமை விட்டுடலாமா?"

குரலில் ஒரு வெளிச்சம். மழைக்கு லீவு விட்டார்களா என்று கேட்கும் பிள்ளையின் குரல். என் காதில் விழுந்தது. விழாததுபோல ஸ்பேனரைத் தேடினேன்.

"நானே சரி பண்ணிடுவேன்."

சக்கரம் வழுக்கினால்தான் அந்த ஏ.பி.எஸ். பெட்டி வேலை செய்யும். அது துடித்தால் உள்ளே சிக்கிய காற்று நகர்ந்து குழாய்க்கு வரும். பிறகு வழக்கம்போல வெளியே எடுத்துவிடலாம். வீடியோவில் சரளைக்கல் சாலையில் ஓட்டிக் காட்டினார்கள். இங்கே ஏது சரளை. ஆனால் வாய்க்கால் ஓரச் சாலையில் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள், போகிற வண்டிகள் மிதித்துக் கொடுக்கட்டும் என்று.

இரண்டு முறை மிதித்தால் வண்டி நின்றது. அது போதும் என்று கிளம்பினேன். "தனியா போகாத" என்று நீயும் ஏறிக்கொண்டாய். மெதுவாகப் போய், செடிமேல் ஏறியதும் அழுத்தி மிதித்தேன். காலுக்கடியில் பெடல் கடகடவென்று துடித்தது. நெற்றுகள் வெடித்தன. தூசி எழுந்து கண்ணாடிக்கு வெளியே ஊர் மறைந்தது. வாய்க்கால் இல்லை, வயல் இல்லை. வெயில் மட்டும் ஒரு நிறமாக நின்றது. அதற்குள் நாம் இருவர்.

"உள்ள யாரோ கதவத் தட்டுறாங்க" என்று சிரித்தாய்.

தூசி அடங்கியபோது, அங்கே செடி புரட்டிக்கொண்டிருந்த அக்கா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"என்னங்க, பாதியிலயே நின்னுட்டீங்க?"

"பிரேக் புடிக்குதான்னு பாக்குறா" என்றாய்.

"நல்லா பாக்கட்டும். இன்னும் நாலு தடவ வாங்க. அந்த ஓரம் உடையவே இல்ல."

நாலு தடவை போனோம்.

வீடு திரும்பியதும் நீ டிரைவர் சீட்டில். நான் பின்சக்கரத்தடியில், காற்றை வெளியே விடும் நிப்பிளில் குழாய் மாட்டிப் படுத்திருந்தேன். முகம் தெரியாது. குரல் மட்டும்.

"எம்.ஏ. தமிழ் படிச்சுட்டு காருக்கு அடியில கெடக்குற. யாராவது கேட்டா என்ன சொல்றது?"

"ஆராய்ச்சின்னு சொல்லு. மிதி."

"மிதிச்சாச்சு."

"பிடி."

நிப்பிளைத் திறப்பேன். குமிழிகளோடு ஆயில் வரும். உன் பாதம் தரைவரை இறங்கும். நான் மூடும்வரை நீ காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். அதனால் ஒவ்வொரு முறையும் கேட்பாய்.

"விடலாமா?"

"விடலாம்மா."

எழுதிப் பார்த்தால் ஒரு ம்-தான் வித்தியாசம். என் பதில் கிட்டத்தட்ட முழுசாக உன் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

மிதி. பிடி. விடலாமா. விடலாம்மா. கோயிலில் போதகர் ஒன்று சொல்ல சபை ஒன்று சொல்வதுபோல. குமிழிகள் மிளகளவாயின. கடுகளவாயின. பிறகு இல்லை.

கடைசி முறை. நிப்பிளை மூடிவிட்டேன்.

"விடலாமா?"

குரல் வேறாக இருந்தது. "முடியலடி" என்றாய்.

கால் வலியைச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். முடியவில்லை. சக்கரக் குழிக்குள் முகத்தை வைத்துக் கிடந்தேன். பதில் ஒரே சொல். சொன்னால், காலுக்கா புதன்கிழமைக்கா, எந்தக் கேள்விக்கான பதில் என்பதை நீ தீர்மானித்துக்கொள்வாய்.

"இன்னும் கொஞ்சம் பிடிம்மா" என்றேன்.

மூடிவிட்ட நிப்பிளுக்கு எதற்குப் பிடிக்க வேண்டும். இத்தனை முறை செய்தபின் உனக்கும் தெரிந்திருக்கும். "சரி" என்றாய். பிடித்திருந்தாய். வண்டி லேசாக அதிர்ந்தது. உன் காலின் நடுக்கம். நான் அவசரமாக எழ, கையிலிருந்த குழாய் நழுவி மட்காட்டில் ஆயில் சிந்தியது. பக்கக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "உடனே தண்ணி ஊத்துடி" என்றாய். அப்போதும் காலை எடுக்கவில்லை.

புதன்கிழமை போனோம். பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. அடுத்த புதனும். அதற்கடுத்த புதனும். நீ பிறகு ஒருமுறையும் கேட்கவில்லை. ஆனியில், வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த வாரம் போய்விட்டாய்.

அன்றே "விடலாம்மா" என்று சொல்லியிருந்தால், மடியில் பை இல்லாத சில வாரங்கள் உனக்குக் கிடைத்திருக்கும். அல்லது வாரங்களே குறைந்திருக்கும். எது என்று தெரியாது. இரண்டையும் மாற்றி மாற்றி நினைக்கிறேன்.

இப்போது ஒரே ஆள் செய்வதற்கு ஒரு பாட்டில் வாங்கியிருக்கிறேன். காற்று திரும்பாமலிருக்க அதில் வால்வு உண்டு. இன்று மதியம் நானே மிதித்தேன், நானே இறங்கிப் போய்ப் பார்த்தேன். யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. டப்பாவை வற்றவிடவில்லை. நாலு சக்கரமும் முடிந்ததும் நீ உட்கார்ந்த சீட்டில் உட்கார்ந்து மிதித்தேன். பாதி தூரம்கூட இறங்காமல் கல்லாக நின்றது. தொடை நடுங்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

"விடலாம்மா"வில் வரும் அந்த இன்னொரு ம்-ஐச் சொல்ல உதட்டை ஒரு கணம் கூடுதலாக மூட வேண்டும். மூடினேன். இன்னும் திறக்கவில்லை.